முன்கூட்டியே வெந்த திருக்கை

அத்தியாயம் 5

காரிலிருந்து இறங்கிய ஹால்பெரா, கதவைச் சாத்துவதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கிஸ்லி, இன்னிக்கு தோர்லாக் திருநாளா?"

"இல்லையே. அதுக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்கு."

"அப்புறம் இந்த வீட்ல ஏன் திருக்கை வேகுது?"

கிஸ்லி முகத்தைத் தூக்கிக் காற்றை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குச் சளி பிடித்து மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய ஹாட் டாக் அட்டையைத் தின்பது போல இருந்தது என்று ஆக்ரனேஸ் ஊர் வந்து சேரும் வரை புலம்பிக்கொண்டே வந்திருந்தான்.

"எனக்கு ரோஜாப்பூவும் ஒண்ணுதான், திருக்கையும் ஒண்ணுதான். நீங்க சொன்னா சரி."

புளிக்கவைத்த திருக்கையைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் அந்த ஒரே ஒரு நாளில்தான் ஊர் வேகவைக்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஒரே நாற்றம் என்பதால் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. வேறு நாளில் ஒருவர் மட்டும் தனியாக வேகவைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சாகும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்படிப்பட்ட மீனை ஒருத்தி அவசரப்பட்டு இன்றைக்கே அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். அதுவும் இன்சூரன்ஸ்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு.

"கண்ணு, இதுல ஏதோ இருக்கு" என்றாள் ஹால்பெரா. அவளுக்கு எல்லோரும் கண்ணுதான். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனைக்கூட அவள் கண்ணு என்றுதான் வழியனுப்பினாள்.

கம்பெனியில் ஹால்பெராவுக்கு "மூக்கு" என்று பெயர். காரணம் இருக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து குழாயில் வந்து, ரேடியேட்டர்களில் ஓடி வீடுகளைச் சூடாக்கும் வெந்நீருக்கு லேசான அழுகிய முட்டை வாடை உண்டு. பச்சைத் தண்ணீருக்குக் கிடையாது, மழைத் தண்ணீருக்கும் கிடையாது. வீடு நனைந்துவிட்டது என்று யார் கிளெய்ம் கேட்டாலும் ஹால்பெரா அறைக்குள் போய் ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். பாலிசியில் மொத்தச் சங்கதியும் அதுதான். வீட்டுக் குழாயிலிருந்து, திடீரென்று, யாரும் எதிர்பாராமல் தண்ணீர் வந்திருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் பட்டை நாமம்.

அந்த மூக்கைத்தான் இன்றைக்கு ஒரு சட்டித் திருக்கை செயலிழக்க வைத்திருந்தது.

கதவைத் திறந்தவள் ஸ்டெய்னுன். வாட்டசாட்டமான பெண்மணி. இடுப்பில் கிறிஸ்துமஸ் படம் போட்ட ஏப்ரன், கையில் கரண்டி, முகத்தில் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு சிரிப்பு. அவளுக்குப் பின்னால் அவள் கணவன் ஓர்ன் நின்றான். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன், ஒல்லி. பட்டப்பகலில் மார்பில் ஒரு அக்கார்டியன் பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க வாங்க! முதல்ல உக்காந்து கொஞ்சம் திருக்கை சாப்பிடுங்க!" என்றாள் ஸ்டெய்னுன்.

"சீக்கிரமே செஞ்சுட்டீங்க போல?"

"நாள் தப்பிப்போச்சு. வயசாகுதில்ல!"

"எனக்கும்தான் வயசாகுது. கிறிஸ்துமஸ் மட்டும் மறக்கல" என்றாள் ஹால்பெரா இனிமையாக. "கீழ போலாமா?"

பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்த கீழ்த்தளத்துக்குப் படி இறங்கினார்கள். ஹால்பெரா முதல் காரியமாகப் படியடியில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, கீழ்த்தளத்து மின்சாரத்தை நிறுத்தினாள். ஈரத் தரையில் கரண்ட் கூடாது என்பது கம்பெனி விதி. தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச்சை அவளும் கிஸ்லியும் போட்டுக்கொண்டார்கள்.

வெளிச்சத்தில் தரையைப் பார்த்ததும் கிஸ்லிக்குக்கூட மனசு கஷ்டமாக இருந்தது. புத்தம்புது ஓக் பலகைகள் ஊறி உப்பி, ஒன்றை ஒன்று முட்டித் தூக்கிக்கொண்டு நின்றன. நடந்தால் பலகைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது.

"நானும் இவனும் எங்க கையாலயே போட்டது" என்றாள் ஸ்டெய்னுன். அந்தப் போலிச் சிரிப்பு போய் அவள் குரல் இறங்கியிருந்தது. "படகை வித்துப் போட்ட தரை. பொண்ணு கோபன்ஹேகன்லேர்ந்து கைக்குழந்தையோட வரா. கிறிஸ்துமஸுக்கு இங்கதான் தங்கப்போறா. நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே உங்க ஆளுங்க வந்து காயவச்சு, வேற பலகை போட்டுடுவாங்களாம். இல்லன்னா குழந்தையை வெறும் சிமென்ட்லதான் போடணும். எங்ககிட்ட வேற வழி இல்லை."

அவள் நடிக்கவில்லை. அது கிஸ்லிக்கும் தெரிந்தது. இந்தத் தரைக்காக அவள் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வாள் என்பதும் தெரிந்தது.

"சரி. எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் ஹால்பெரா.

"அதோ அந்த ரேடியேட்டர். நேத்து சாயங்காலம் வெடிச்சுடுச்சு. பழசு பாருங்க. வருஷக்கணக்கா துரு ஏறி ஏறி—"

"வருஷக்கணக்கா துரு ஏறியிருந்தா கம்பெனி குடுக்காது கண்ணு. கொஞ்சம் கொஞ்சமா வர்ற சேதம் பாலிசில வராது."

ஸ்டெய்னுனின் கரண்டி காற்றில் நின்றது. "துருன்னா... துருவே இல்ல! குளிர்ல உறைஞ்சு வெடிச்சது. ஜன்னல் திறந்திருந்துச்சு."

"குளிர்காலத்துல ஜன்னலைத் திறந்து வச்சுக் குழாயை உறையவிட்டா அஜாக்கிரதை. அதுக்கும் கிடையாது."

"தவிர, நேத்து மழைதான் பேஞ்சுது. உறையுற குளிரே இல்ல" என்றான் கிஸ்லி.

"அதான்! மழை!" ஓர்ன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "படுத்த வாக்குல அடிச்சுது பாருங்க, ஜன்னல் வழியா உள்ள—"

"வெளியிலேர்ந்து வர்ற தண்ணிக்குச் சுத்தமா கிடையாது."

ஸ்டெய்னுன் முறைத்த முறைப்பில் ஓர்ன் இன்னும் கொஞ்சம் ஒல்லியானான்.

"சரி, உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் அவள். "நான்தான் சுத்தியலால அடிச்சேன். கோவத்துல."

"வேணும்னே உடைச்சதா? அதுக்குப் பணம் கிடையாது, போலீஸ்தான் உண்டு."

"தவறிப்போய் அடிச்சேன்!"

கிஸ்லி ஹால்பெராவின் காதருகே குனிந்தான். "பாலிசில எதெதுக்குக் குடுக்க மாட்டோம்னு புத்தகம் போட்டிருக்கோமே, அதை இந்தம்மா வரிசையா ஒப்பிக்கிறாங்க. இன்னும் பூகம்பமும் யுத்தமும்தான் பாக்கி."

அந்த நேரம் பார்த்து, அறைக் கோடியில் இருந்த சலவையறைக் கதவுக்குப் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஓர்ன் பதறிப்போய் அக்கார்டியனை இழுத்தான். பெட்டியிலிருந்து ஒரு போல்கா பாட்டு பாதியில் பிறந்தது.

"வாஷிங் மெஷின்!" ஸ்டெய்னுன் பாட்டுக்கு மேல் கத்தினாள். "பழசு! சுத்தும்போது ஆடும்!"

"ஓ" என்றாள் ஹால்பெரா. ரேடியேட்டர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு அடியில் சுவரோரம் நின்ற அந்த ரேடியேட்டர் பழசே இல்லை. வெள்ளைப் பெயின்ட் பளபளத்தது. முழங்கால் உயரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளம். ஒன்றின் நடுவில் தகடு பிளந்திருந்தது. அந்தப் பிளவில் பழுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் சிக்கியிருந்தது.

"ரெண்டு தலை வச்ச சுத்தியலா?" என்றான் கிஸ்லி.

"ஸ்வெட்டரைத் தேடு" என்றாள் ஹால்பெரா.

சோபாவுக்குப் பின்னால் சுருட்டித் திணித்திருந்த அதைக் கண்டுபிடிக்கக் கிஸ்லிக்கு அதிக நேரம் ஆகவில்லை. கையால் பின்னிய தடித்த ஆட்டுக்கம்பளி ஸ்வெட்டர். இன்னும் ஈரம் சொட்டியது. விரித்துப் பிடித்தான். வயிற்றுப் பக்கத்தில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை.

"தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு ரெண்டு ஓட்டை சரி. வயித்துல எதுக்கு ரெண்டு? கங்காரு குட்டிகளுக்கா?"

"அது பூச்சி அரிச்சது" என்றான் ஓர்ன்.

"அவ்வளவு பெரிய பூச்சி என் பக்கத்துல வர வேண்டாம்" என்றான் கிஸ்லி.

"மழைல நனைஞ்ச ஸ்வெட்டரைக் காயறதுக்கு ரேடியேட்டர் மேல போட்டீங்க. எல்லாரும் செய்யறதுதான்" என்றாள் ஹால்பெரா எழுந்தபடி. "அப்ப என்னமோ வந்து ஸ்வெட்டரோட சேத்து ரேடியேட்டரை இடிச்சிருக்கு. அது என்ன?"

கிஸ்லிக்கு மூளையில் பல்பு எரிந்தது. ஹால்பெராவை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"புரிஞ்சுபோச்சு. சாராயம்! உள்ள சாராயம் காய்ச்சுறாங்க. அந்த வாடை தெரியக் கூடாதுன்னுதான் திருக்கை. பானை உருண்டு வந்து ரேடியேட்டர்ல மோதியிருக்கு. சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு அக்கார்டியன். எப்படி?"

"முதல் பாதி சரி கண்ணு. ஒரு நாத்தத்தை மறைக்கத்தான் இன்னொரு நாத்தம். ஆனா சாராய வாடைக்கு ஒரு காப்பித்தூள் போதும். திருக்கையே வேணும்னா உள்ள இருக்கிறது அதைவிட மோசமா நாறணும்." அவள் கதவைப் பார்த்தாள். "இந்த மாசத்துல, இந்த நாட்டுல, திருக்கையோட போட்டி போடற அளவுக்கு நாறுறது ஒண்ணே ஒண்ணுதான்."

மறுபடியும் 'தொம்'. அதைத் தொடர்ந்து 'தொம் தொம்'. போல்கா வேகம் எடுத்தது. ஸ்டெய்னுன் அதோடு சேர்ந்து பாடவே ஆரம்பித்துவிட்டாள்.

ஹால்பெரா கையைத் தட்டினாள். பாட்டு நின்றது.

"நான் வந்த உடனே கீழ்த்தளத்துக் கரண்டை நிறுத்திட்டேன், ஸ்டெய்னுன். உங்க வாஷிங் மெஷின் எதுல ஓடுது? பக்திலயா?"

கணவனும் மனைவியும் திருதிருவென்று விழித்தார்கள். ஓர்னின் கையிலிருந்த அக்கார்டியன் தானாகவே நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"கிஸ்லி, கதவைத் திற."

கிஸ்லி திறந்தான். திறந்திருக்கக் கூடாது என்று அடுத்த நொடியே தெரிந்துகொண்டான்.

உள்ளே இருட்டில் இரண்டு மஞ்சள் கண்கள். அவற்றுக்கு மேலே, நுனியில் பஞ்சு உருண்டை ஆடும் சிவப்பு நிறக் கம்பளிக் குல்லாய். குல்லாயின் இரு பக்கமும் ஓட்டை போட்டு வெளியே வந்திருந்த இரண்டு முறுக்குக் கொம்புகள். இனச்சேர்க்கைக் காலத்துச் செம்மறிக் கிடா ஒன்று, வாஷிங் மெஷினுக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவில் நின்று கிஸ்லியை மேலும் கீழும் அளந்தது.

அந்தக் கணத்தில்தான் கிஸ்லியின் மூக்கு ஒரு பக்கம் திறந்துகொண்டது.

"ஆ!" என்றான். கிடாவின் மொச்சை வாடையும் வெந்நீரின் முட்டை வாடையும் திருக்கையும் சேர்ந்து உள்ளே போனதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் கிடா தலையைத் தாழ்த்தியது.

"ஸ்வெட்டர்!" என்று கத்தினாள் ஹால்பெரா. "உன் ஸ்வெட்டரைக் கழட்டு! உன்னை அது இன்னொரு கிடான்னு நினைக்குது!"

கிஸ்லியும் ஆட்டுக்கம்பளி ஸ்வெட்டர்தான் போட்டிருந்தான். ஈர ஸ்வெட்டரை விரித்துப் பிடித்ததில் அதுவும் நனைந்திருந்தது. சோபா மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் திட்டுக்குத் தாவி, தாவும்போதே ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி எறிந்தான். அது போய் அக்கார்டியன் மேல் விழுந்தது. ஓர்ன் ஒரு கணம் பார்த்தான். பிறகு கப்பல் மூழ்கும்போது காட்டும் வேகத்தில் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஏறிவிட்டான்.

கிடா பின்வாங்கி ஓடி வந்து இடித்தது. அக்கார்டியன் தன் வாழ்நாளின் கடைசி ராகத்தை எல்லா ஸ்வரத்திலும் ஒரே நேரத்தில் வாசித்து முடித்தது.

கிடா ஜெயித்த திருப்தியில் தும்மியது.

"இப்படித்தான் ரேடியேட்டரும் போச்சு, இல்லையா?" என்றாள் ஹால்பெரா.

ஸ்டெய்னுன் ஏப்ரன் பையிலிருந்து ரை ரொட்டித் துண்டை எடுத்து நீட்டினாள். அந்த ராட்சசன் நாய்க்குட்டி மாதிரி நடந்து வந்து அவள் கையில் தின்றது.

"இதோட பேரு ஸ்பாகுர்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "சாதுன்னு அர்த்தம்."

"பேரு வச்சவங்க ரொம்ப நம்பிக்கைக்காரங்க" என்றான் கிஸ்லி ஜன்னல் திட்டிலிருந்து.

"ஆட்டுக்கு எதுக்குக் குல்லாய்?" ஹால்பெரா குனிந்து அதைக் கழற்றினாள். இடது காதில் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் வில்லை. பண்ணையின் எண் போட்டிருந்தது. "இது ஃபியோர்டுக் கடல்கழிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையோட வில்லை. உங்களுது இல்ல."

ஸ்டெய்னுன் படியில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் மறைக்க அவளிடம் தெம்பில்லை.

"என் தம்பி பெர்குரோடது" என்றாள். "அப்பா செத்ததும் பண்ணையை அவன் எடுத்துக்கிட்டான். சரின்னு விட்டேன். அப்பா ஆசையா வளத்த ஆட்டு வம்சம், அதுல ஒரே ஒரு கிடாக்குட்டி கேட்டேன். மலைலேர்ந்து இறங்கின ஆடுகளை ஊரே கூடி அவங்கவங்களோடதுன்னு பிரிக்கிற இடத்துல, அத்தனை பேர் முன்னாடி, 'டவுன்காரிக்கு ஆடு எதுக்கு, கடைல பால் வாங்கிக் குடி'ன்னான். அன்னிக்கு நிறுத்தினதுதான் பேச்சு. ஒன்பது வருஷம். அவனும் பேசல, நானும் பேசல."

"அப்புறம்?"

"ஊர் ஓரத்துல சின்னக் கொட்டகைல நாலஞ்சு பெட்டை வச்சிருக்கேன். இந்த வருஷமாவது அப்பா வம்சத்துல ஒரு குட்டி பாக்கணும்னு இருந்துச்சு. அதான் ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிக்கிட்டேன்."

"அவருக்குத் தெரியாம."

"கடன்னு அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கார் பின்சீட்ல வச்சுக் கூட்டிட்டு வந்தோம். கொட்டகைல விட்டா ஊரே பாத்துடும். அதான் இங்க."

"பெல்ட் போட்டீங்களா?" என்றான் கிஸ்லி.

"போட்டோம்" என்று மாடியிலிருந்து ஓர்னின் குரல் வந்தது.

ஹால்பெராவுக்குச் சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. ஆனாலும் பையிலிருந்து பாலிசியை எடுத்துப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. நல்லாக் கேளுங்க. கிடா முட்டி ரேடியேட்டர் உடைஞ்சது திடீர்னுதான், எதிர்பாராமத்தான். நீங்க சொன்ன அத்தனை பொய்க்கும் பணம் கிடையாது. உண்மைக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனா ஒரு கண்டிஷன். பாலிசிதாரருக்குச் சொந்தமான பிராணி பண்ற சேதத்துக்குக் கம்பெனி குடுக்காது. வேற ஆளோட பிராணின்னா குடுக்கும். அதனால கேக்கறேன், ஸ்டெய்னுன். இந்தக் கிடா யாரோடது?"

கிஸ்லி மெல்ல விசிலடித்தான். "திருட்டு ஆடுன்னா பணம், சொந்த ஆடுன்னா நாமம். இந்தக் கண்டிஷனை எழுதினவருக்குச் சிலை வைக்கணும்."

ஓர்ன் படியிறங்கி வந்து மனைவியின் முகத்தையே பார்த்தான். மிகச் சுலபமான கேள்வி. ஆனால் ஸ்டெய்னுனின் தாடை இறுகியது.

"என் அப்பாவோட வம்சம். நியாயப்படி என்னோடது" என்றாள்.

"ஐயோ!" என்றான் ஓர்ன். "நியாயத்தை அப்புறம் பாத்துக்கலாம். தரையைப் பாரு!"

"அது அவனோடதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா, அன்னிக்கு அவன் சொன்னது சரின்னு ஆயிடும்."

"கைக்குழந்தை சிமென்ட்ல தவழும், ஸ்டெய்னுன். நம்ம பேத்தி."

அவள் தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு பலகையையும் அவள்தான் முட்டி போட்டு அடித்திருந்தாள். உப்பிக் கிடந்த ஒரு பலகையை உள்ளங்கையால் அழுத்தினாள். அது மறுபடியும் எழும்பியது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"அவனோடது" என்றாள், பல்லைப் பிடுங்கியது போல. "எழுதிக்குங்க."

"எழுதிக்கறேன். ஆனா சொந்தக்காரர் வாயால ஒரு வார்த்தை கேக்கணும்" என்று ஹால்பெரா போனை எடுத்தாள். "நீங்க பேச வேண்டாம். நான் பேசிக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டுச் சோபாவின் கைப்பிடியில் வைத்தாள். மணி அடித்தது. "சொல்லுங்க" என்று ஒரு கரகரத்த குரல் வந்தது. ஸ்டெய்னுன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஹால்பெரா கம்பெனிப் பெயரைச் சொன்னாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். "ஸ்பாகுர்னு ஒரு கிடா. காதுல உங்க பண்ணையோட வில்லை. அது உங்களுதுதானே?"

"ஊரெல்லாம் தேடிட்டிருக்கேன்! எங்க இருக்கு அது?"

"ஆக்ரனேஸ்ல. உங்க அக்கா ஸ்டெய்னுன் வீட்ல."

மறுமுனையில் வண்டி எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அவளா கொண்டுபோனா?" குரல் மாறியிருந்தது. "அவ பெட்டைங்களுக்காகவா?"

"ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." பெர்குரின் குரல் தணிந்தது. "எங்க கேப்பா. நான் சொன்ன பேச்சுக்கு யார் கேப்பா? அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆடு பிரிக்கறப்போ வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பா. போய்ப் பேசணும்னு நினைப்பேன். கால் வராது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எழுதிக்குங்க அம்மா. அந்தக் கிடா அவளோடது."

கிஸ்லியின் பேனா நின்றது. ஓர்ன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெர்குர், ஒரு நிமிஷம்" என்றாள் ஹால்பெரா அவசரமாக. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்பலேர்ந்து அவங்களோடது?"

"பொறந்ததுலேர்ந்து! அப்பா இருந்திருந்தா அவளுக்குத்தான் குடுத்திருப்பாரு. வம்சமே அவளோடதுன்னு எழுதுங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

"அவ்வளவு தாராளம் வேண்டாம் கண்ணு—"

"நான் வாக்கு மாற மாட்டேன்! ஒரு தடவை தப்பாப் பேசித்தான் ஒன்பது வருஷம் போச்சு!"

ஸ்டெய்னுன் அழுதுகொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே உருகிப்போய் நின்றவள், ஹால்பெராவின் முகத்தைப் பார்த்தாள். கிஸ்லியின் நின்றுபோன பேனாவைப் பார்த்தாள். தலையிலிருந்து கையை எடுக்காத ஓர்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுடையது என்றால் நேற்றைக்கும் அவளுடையதுதான். தம்பி மனசார அவள் தரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பாய்ந்து போனைப் பிடித்தாள்.

"டேய் பெர்குர்! இன்னிலேர்ந்துன்னு சொல்லுடா மடையா!"

கிடாவே திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கியது.

"ஸ்டெய்னா?" என்றது போன், மெதுவாக. "நீயா பேசற?"

"நான்தான். இன்னிலேர்ந்துன்னு சொல்லு. இப்போ, இந்த நிமிஷத்துலேர்ந்து!"

"ஏன்? பொறந்ததுலேர்ந்து குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

"என் தரை கெட்டுப்போச்சுடா! எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு, சின்ன வயசுலேர்ந்து இதே புத்தி! சொல்லித் தொலை!"

"சரி சரி, கத்தாத. இந்த நிமிஷத்துலேர்ந்து அவளோடது. அதுவரைக்கும் என்னோடது. போதுமா?"

"போதும்" என்றாள் ஹால்பெரா. கிஸ்லியின் பேனா ஓடியது. ஓர்ன் படியில் சரிந்து உட்கார்ந்து, ஈரத் தரையில் காலை நீட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். நாளைக்கே ஆட்கள் வருவார்கள்.

ஆனால் போன் இன்னும் அணையவில்லை.

"இரு இரு" என்றான் பெர்குர். "அப்படின்னா நேத்து வரைக்கும் நீ ஆடு திருடி!"

"ஆமாடா, திருடிதான்! என்ன பண்ணுவ?"

"அதுக்கு இடுப்புல பூச்சி மருந்து ஊசி போடற தேதி தாண்டிப்போச்சு, தெரியுமா உனக்கு? தண்ணி எதுல வைக்கிற? வெந்நீர்க் குழாய்த் தண்ணியா? குடிக்காது அது. ஒரு மண்ணும் தெரியாது உனக்கு."

"வந்து சொல்லிக் குடேன்!"

"வரேன்! இப்பவே வண்டியை எடுக்கறேன். காப்பி போட்டு வை."